கால்பந்தாட்ட வீரர் ஃபொந்தேன்

உலகின் எல்லா நாடுகளிலும் சிறுவர் முதல் பெரியோர்வரை விரும்பி ஆடும் ஆட்டம் கால்பந்தாட்டம். ஒரு பந்தும் சிறிது வெளியும் இருந்தால் போதும். செல்வர், வறியர் என்னும் வேறுபாடின்றி யாவரும் ஆடலாம். இவ்வாட்டத்தில் நாடுகள் தம்முள் பொரும் பெரும்போட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுவது. அதனை உலகக் கோப்பைப் போட்டி என்பர். 1930ஆம் ஆண்டு தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில் தொடங்கிய அப்போட்டியில் பலர் பல அருஞ்செயல்கள் புரிந்துள்ளனர். அவற்றுள் ஒன்று 1958ஆம் ஆண்டு நிகழ்ந்தது. பிரெஞ்சு நாட்டு வீரர் ஒருவர் ஆறே ஆட்டங்களில் 13 கோல்கள் அடித்தார். அவருக்கு முன்னர் எவரும் ஒரே உலகக் கோப்பைப் போட்டியில் அத்துணைக் கோல்கள் அடித்ததில்லை. அவருக்குப் பின்னர் 2022ஆம் ஆண்டுவரை நடந்த பதினாறு போட்டிகளிலும் எவரும் அந்த எண்ணை எட்டவில்லை. அவ்வீரரின் பெயர் ஜுஸ்த் ஃபொந்தேன்.

கோல் என்னும் சொல் தமிழில் ஊன்றுகோலையும் எழுதுகோலையும் செங்கோலையும் குறிக்கும். ஆடுகளத்தில் வழங்கும் கோல் அதுவன்று. ஆங்கிலத்திலிருந்து வந்து நம் ஊர்ச் சிறுவர் நாவிலும் நிலைத்துவிட்ட சொல் அது. பந்தை எதிரியின் வலைக்குள் செலுத்துதலே கோல் அடித்தல் ஆகும். அணியில் உள்ள பதினொருவரும் இப்பணியைச் செய்வதில்லை. ஒருவர் வலையைக் காப்பார். சிலர் அவருக்கு முன்நின்று அரணாவர். சிலர் நடுக்களத்தில் பந்தைப் பெற்று முன்னே அனுப்புவர். முன்னணியின் நடுவில் நிற்பவர்க்கே கோல் அடித்தல் தலையாய கடமை. காண்போர் கண்ணுக்கு அவர் பெரும்பொழுது வாளா நிற்பவர்போலத் தோன்றுவார். உண்மையில் அவர் காலம் பார்த்து நிற்கின்றார். காப்போர் இருவர்க்கிடையே ஒரு நொடி வழி திறக்கும். அந்நொடியில் பந்தும் அவரும் ஒருங்கே அவ்விடத்தை அடைதல் வேண்டும். முந்தினாலும் விதியை மீறியதாகும், பிந்தினாலும் பயனில்லை. வள்ளுவர் காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டையும் ஒரே நொடியில் ஒருங்கே செய்து காட்டவேண்டியவர் நடு முன்னணி வீரர்.

ஃபொந்தேன் 1933ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் பிறந்தார். வட ஆப்பிரிக்காவிலுள்ள அந்நாடு அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரின் பாதுகாப்பு ஆட்சியில் இருந்தது. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஸ்பானிய இனத்தவர். காசாபிளாங்கா நகரில் கல்வி பயின்ற ஃபொந்தேன், அந்நகரத்துக் கழகம் ஒன்றிலேயே முதலில் ஆடினார். 1953ஆம் ஆண்டு கடல் கடந்து, பிரெஞ்சு நாட்டின் தென்கரையிலுள்ள நீஸ் நகரக் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் 1954ஆம் ஆண்டு நாட்டுக் கோப்பையையும் 1956ஆம் ஆண்டு நாட்டு முதன்மைப் பட்டத்தையும் வென்றது.

நாட்டு அணிக்காக அவர் முதன்முதல் ஆடியது 1953ஆம் ஆண்டு டிசம்பரில். எதிரி லக்ஸம்பர்க் என்னும் சிறிய நாடு. அன்று பிரெஞ்சு அணி எட்டுக் கோல்கள் அடித்தது. அவற்றுள் மூன்று ஃபொந்தேனுடையவை. இருபது வயது இளைஞர் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள் அடித்தால், அடுத்த ஆட்டத்திற்கும் அழைப்பு வரும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறு நிகழவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவரை நாட்டு அணியினர் நினைக்கவில்லை.

1956ஆம் ஆண்டு ரேன்ஸ் நகரக் கழகம் அவரைத் தன்பால் சேர்த்துக்கொண்டது. ரேன்ஸ், பிரெஞ்சு நாட்டின் வடகிழக்கில் உள்ள பழம்பெரும் நகரம். அந்நாட்டு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் அங்குள்ளது. அக்கழகத்தின் பெருமைக்கு அக்காலத்தில் காரணமாயிருந்தவர் இருவர். ஒருவர் பயிற்சியாளர் அல்பேர் பத்தே. மற்றவர் ரேமோன் கோப்பா என்னும் ஆட்டக்காரர். கோப்பா போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்; தாமும் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, அங்கு நேர்ந்த விபத்தில் ஒரு விரலின் பகுதியை இழந்தவர். 1956ஆம் ஆண்டு அவர் ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கழகத்திற்குச் சென்றார். அவர் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பவே ஃபொந்தேன் வந்தார். இடம் ஒன்றாயினும் இயல்பு வேறு. கோப்பா பந்தைத் தம் காலடியில் வைத்துக் காப்போரை மயக்கி, பிறர்க்கு வழி திறப்பவர். ஃபொந்தேன் அவ்வழியில் விரைந்து புகுந்து, இரு கால்களாலும் தலையாலும் பந்தை வலைக்குள் செலுத்துபவர். ஒருவர் வில்லாயின் மற்றவர் அம்பு எனலாம். இவ்விருவரையும் ஒரே அணியில் காணும் வாய்ப்பு 1958ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வாய்த்தது.

அவ்வாய்ப்பு எளிதாக வரவில்லை. 1957ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபொந்தேனின் முழங்காலில் அறுவை செய்ய நேர்ந்தது. 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் களத்திற்கு மீண்டார். பிற வீரர்கள் குளிர்காலம் முழுதும் ஆடிக் களைத்திருக்க, ஓய்வு பெற்றிருந்த இவர் புத்துணர்ச்சியுடன் ஸ்வீடன் சென்றார். ஆயினும் நடு முன்னணிக்கு ரேன்ஸ் கழகத்தைச் சேர்ந்த ரெனே பிலியார் என்பவரும் இருந்தார். போட்டி தொடங்குமுன் பிலியாருக்குக் கணுக்காலில் அடிபட்டது. அவர் தாயகம் திரும்பினார். இடம் ஃபொந்தேனுக்கு உரியதாயிற்று.

இடம் கிடைத்தது, காலணி கிடைக்கவில்லை! பயிற்சியின்போது அவருடைய ஆட்டக் காலணி கிழிந்துவிட்டது. இக்காலத்தில் சிறந்த வீரர்க்குக் காலணி செய்யும் நிறுவனங்கள் வேண்டும் அளவுக்கு மேலும் வழங்குகின்றன. அக்காலத்தில் அத்தகைய வசதி இல்லை. தோலாற் செய்த காலணி ஒன்றிரண்டு இணைகளே ஒருவரிடம் இருக்கும். அணியில் மாற்று வீரராக இருந்த ஸ்தெஃபான் புருயே என்பவரின் பாதம் ஃபொந்தேனின் பாதத்திற்கு ஒத்த அளவினது. அவர் தம் காலணியைக் கொடுத்து உதவினார். இரவல் காலணியுடன் ஃபொந்தேன் களம் இறங்கினார்.

ஜூன் 8ஆம் நாள் நோர்ஷப்பிங் நகரில் பராகுவே நாட்டுடன் முதல் ஆட்டம். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பராகுவே மூன்றுக்கு இரண்டு என முந்தியிருந்தது. பின்னர்ப் பிரெஞ்சு அணி பொங்கி எழுந்தது; ஏழுக்கு மூன்று என வென்றது. ஃபொந்தேன் மூன்று கோல்கள் அடித்தார். அடுத்து யூகோஸ்லாவியாவிடம் பிரெஞ்சு அணி இரண்டுக்கு மூன்று எனத் தோற்றது; அவ்விரண்டும் ஃபொந்தேன் அடித்தவையே. ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று, வட அயர்லாந்துக்கு எதிராக இரண்டு என அவர் கணக்கு வளர்ந்தது.

ஜூன் 24ஆம் நாள் ஸ்டாக்ஹோமை அடுத்த சொல்னாவில் அரையிறுதி ஆட்டம் நடந்தது. எதிரி பிரேசில். பதினேழு வயதுப் பெலே அவ்வணியில் ஆடினார். பிரேசில் அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோலும் வாங்கவில்லை. இரண்டாம் நிமிடத்திலேயே பிரேசில் முந்தியது. ஒன்பதாம் நிமிடத்தில் ஃபொந்தேன் பந்தை வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். அப்போட்டியில் பிரேசிலின் வலையைக் கண்ட முதல் வீரர் அவரே. ஆட்டம் சமநிலையில் சென்றுகொண்டிருந்தபோது பிரெஞ்சு அணியின் தலைவரும் காப்பரணின் நடுத்தூணுமான ரொபேர் ஜோங்கேயின் கால் எலும்பு முறிந்தது. இக்காலத்து விதிப்படி வேறொருவர் அவர்க்குப் பதிலாக இறங்கியிருப்பார். அக்காலத்தில் மாற்று வீரரை இறக்க விதி இடந்தரவில்லை. முறிந்த காலுடன் ஜோங்கே களத்தின் ஓரத்தில் நொண்டிக்கொண்டு நின்றார். பத்துப்பேர் பதினொருவரை எதிர்த்தனர். இரண்டாம் பாதியில் பெலே மூன்று கோல்கள் அடித்தார். பிரேசில் ஐந்துக்கு இரண்டு என வென்றது. ஜோங்கே நலமாயிருந்திருப்பின் பிரெஞ்சு அணி வென்றிருக்கும் எனச் சொல்வோர் உளர். பெலேயின் அன்றைய ஆட்டத்தை எண்ணின், அவ்வாறு துணிந்து கூறுதல் அரிது.

மூன்றாம் இடத்திற்கான ஆட்டம் ஜூன் 28ஆம் நாள் கோத்தன்பர்க் நகரில் நடந்தது. அதற்கு முந்திய போட்டியில், 1954ஆம் ஆண்டு, கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி எதிரியாக நின்றது. ஃபொந்தேனிடம் அப்போது ஒன்பது கோல்கள் இருந்தன. ஹங்கேரி நாட்டுச் சாண்டோர் கோச்சிஷ் 1954ஆம் ஆண்டு அடித்த பதினொன்றே அதுவரை பேரெண்ணாக விளங்கியது. அன்று ஃபொந்தேன் நான்கு கோல்கள் அடித்து அதனைக் கடந்தார். அவ்வாட்டத்தில் பிரெஞ்சு அணிக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. தண்ட உதையாவது, எதிரி வலைக்கு அருகில் பிழை செய்தால், வலைகாப்போர் ஒருவரை மட்டும் எதிர்நிறுத்திப் பந்தை உதைக்கும் வாய்ப்பு; பெரும்பாலும் கோலாக முடிவது. தம் கணக்கை உயர்த்தக் கருதுவோர் அதனைக் கேட்டுப் பெறுவர். அன்று அதனை உதைத்தவர் கோப்பா. ஃபொந்தேனின் 13 கோல்களுள் ஒன்றும் தண்ட உதையால் வந்ததன்று. பிரெஞ்சு அணி அப்போட்டியில் அடித்த கோல்கள் 23. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒருவருடையவை. எனினும் அவ்வொருவர்க்கு வழி திறந்தவர் கோப்பா என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர் என்னும் பொற்பந்துப் பரிசு கோப்பாவிற்கே கிடைத்தது.

மிகுதியான கோல் அடித்தவர்க்கு இக்காலத்தில் பொற்காலணி பரிசளிப்பர். ஃபொந்தேனுக்குக் கிடைத்தது ஸ்வீடன் நாட்டுச் செய்தித்தாள் ஒன்று அளித்த காற்றுத் துப்பாக்கி. புருயேயின் காலணியை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதின்மூன்று என்னும் எண் இத்துணைக் காலம் நிலைத்தது எதனால்? அவர் திறமை ஒன்றே காரணம் என்று கூறின் அது முழு உண்மையாகாது. ஆட்டத்தின் போக்கும் மாறிற்று. 1958ஆம் ஆண்டுப் போட்டியில் 35 ஆட்டங்களில் 126 கோல்கள் விழுந்தன. 1962ஆம் ஆண்டு சிலி நாட்டில் 32 ஆட்டங்களில் விழுந்தவை 89 மட்டுமே. அங்கு முதலிடம் பெற்றவர் ஆறு பேர், அவர்கள் அடித்தவை தலைக்கு நான்கு. கோல் அடித்து வெல்வதைவிடக் கோல் வாங்காமல் இருப்பதே அறிவுடைமை என்னும் கொள்கை ஆட்சி செலுத்தத் தொடங்கியது. காப்போர் தொகை பெருகிற்று; முன்னணியில் வெளி சுருங்கிற்று. 1970ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லர் பத்துக் கோல்கள் அடித்தார். 2022ஆம் ஆண்டுவரை ஃபொந்தேனுக்கு மிக அருகில் வந்தவர் அவரே.

ரேன்ஸ் கழகத்திலும் ஃபொந்தேனின் புகழ் வளர்ந்தது. 1958, 1960ஆம் ஆண்டுகளில் அக்கழகம் நாட்டு முதன்மைப் பட்டம் பெற்றது. 1959ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தை அடைந்தது. அப்போட்டியில் பத்துக் கோல்கள் அடித்து ஃபொந்தேன் முதலிடம் பெற்றார். இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட் இரண்டு கோல்களால் வென்றது. எதிரணியில் நின்றவர்களுள் கோப்பாவும் ஒருவர். அக்கோடையில் அவர் ரேன்ஸுக்கே திரும்பிவந்தார். வில்லும் அம்பும் கழக அணியிலும் ஒன்று சேர்ந்தன.

அச்சேர்க்கை ஓராண்டும் முழுமையாக நிலைக்கவில்லை. 1960ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் சோஷோ நகரில் நடந்த ஆட்டத்தில், எதிரி ஒருவர் பந்தைத் தடுக்க முயன்றபோது ஃபொந்தேனின் இடக்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. அப்போது அவர்க்கு வயது 26. எலும்பு கூடிற்று, அவரும் பொறுமையுடன் பயின்று அவ்வாண்டின் இறுதியில் களத்திற்கு மீண்டார், டிசம்பரில் நாட்டு அணிக்கும் ஆடினார். 1961ஆம் ஆண்டின் முதல் நாள் லிமோஜ் நகரில் நடந்த ஆட்டத்தில் அதே கால் மீண்டும் முறிந்தது. அதன்பின் பழைய விரைவு திரும்பவில்லை. 1962ஆம் ஆண்டு ஜூலையில், 29 வயது நிரம்பு முன்பே, அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நாட்டின் முதற்பிரிவுப் போட்டிகளில் 200 ஆட்டங்களில் 165 கோல்களும், நாட்டு அணிக்கு 21 ஆட்டங்களில் 30 கோல்களும் அடித்திருந்தார்.

கால் முறிந்து கிடந்த அக்காலத்தில் அவர் மற்றொரு பணியில் ஈடுபட்டார். அதனைக் கோல் கணக்கு எழுதுவோர் பலர் குறிப்பதில்லை. அப்பணியின் அருமையை உணர, அக்காலத்து ஆட்டக்காரர் நிலையை அறிதல் வேண்டும். பிரெஞ்சு நாட்டில் ஓர் இளைஞர் தொழில்முறை ஆட்டக்காரராகக் கழகம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டால், 35 வயதுவரை அவர் அக்கழகத்திற்கே உரியவர். அவர் விரும்பினும் வேறு கழகம் செல்ல இயலாது. கழகம் விரும்பினால் அவரை மற்றொரு கழகத்திற்கு விலை பேசிக் கொடுக்கலாம். அவர் இசைவு தேவையில்லை. ஆட்டக்காரரின் ஆற்றல் முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். ஆதலின், தம் உழைப்புக்கு விலை கூறும் உரிமை கைக்கு வரும்போது விற்பதற்கு உழைப்பே எஞ்சியிராது. ஆயிரக்கணக்கானோர் கைதட்டி ஆரவாரிக்கும் வீரர், ஆடுகளத்திற்கு வெளியே தம் வாழ்வைத் தாம் நடத்தும் உரிமையற்றவராக இருந்தார். காலோ எந்த நாளும் முறியலாம்.

கேமரூன் நாட்டில் பிறந்து பிரெஞ்சு நாட்டில் ஆடிய எஜேன் இன்ஜோ லேயா என்னும் முன்னணி வீரர் சட்டம் பயின்றவர். ஆட்டக்காரர் தமக்கென ஒரு சங்கம் அமைக்கவேண்டும் என்னும் எண்ணத்தை அவர் முன்வைத்து உழைத்தார். கோப்பாவும் ஃபொந்தேனும் அவருடன் சேர்ந்தனர். 1961ஆம் ஆண்டு நவம்பரில் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் தேசியச் சங்கம் தோன்றியது. ஃபொந்தேன் அதன் முதல் தலைவரானார். புகழ் மிக்க இருவர் முன்நின்றமையால், அச்சம் கொண்டிருந்த சிறிய ஆட்டக்காரர்க்கும் துணிவு பிறந்தது. கழகங்களை நடத்தியோர் இதனை விரும்பவில்லை. 1963ஆம் ஆண்டு, ஆட்டக்காரர் அடிமைநிலையில் உள்ளனர் எனச் செய்தித்தாளில் வெளிப்படையாகக் கூறிய கோப்பா தண்டனைக்கு உள்ளானார். எட்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1969ஆம் ஆண்டு, குறித்த காலத்திற்கு மட்டும் ஒப்பந்தம் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. காலம் முடிந்தால் ஆட்டக்காரர் தாம் விரும்பிய கழகத்திற்குச் செல்லலாம் என்றாயிற்று. அதனால் ஃபொந்தேனுக்கோ கோப்பாவிற்கோ கிடைத்த ஆதாயம் ஒன்றுமில்லை. இருவரும் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டனர்.

பின்னாளில் ஃபொந்தேன் பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். 1967ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அணியைப் பயிற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. ருமேனியாவுடனும் சோவியத்து நாட்டுடனும் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் அணி தோற்றது; இரண்டே ஆட்டங்களுடன் அவர் பொறுப்பும் முடிந்தது. 1973 முதல் 1976வரை பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகத்தைப் பயிற்றினார். 1974ஆம் ஆண்டு அக்கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. பின்னர்த் தாம் பிறந்த மொராக்கோ நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 1980ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைப் போட்டியில் அவ்வணி மூன்றாம் இடம் பெற்றது. பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள தூலூஸ் நகரில் அவர் குடியமர்ந்து, அங்கே ஆடைக் கடை நடத்தி வாழ்ந்தார்.

2022ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் பிரெஞ்சு வீரர் கிலியன் எம்பாப்பே எட்டுக் கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். அதற்கு அடுத்த மார்ச்சுத் திங்கள் முதல் நாள், 89ஆம் வயதில், ஃபொந்தேன் தூலூஸ் நகரில் காலமானார். அவர் முதல் தலைவராயிருந்த சங்கத்திற்கு அப்போது வயது 61.